கொஞ்சம் கட்டையாய் எறி

லா ஷப்பல், பாரிஸ்
9 பெப்ரவரி 1986

அன்புத் தங்கச்சி மலருக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அல்பிரட் அத்தானும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் விட்டுவிட்டதா? விடுதியில் விடியப்புறம் பச்சைத் தண்ணீரில் முழுகாதே.

வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உன் பள்ளிக்கூட விடுதிக்கு எழுதுகிறேனே என்று யோசிக்காதே. அம்மாவுக்குக் கண்ணில் படலம் வந்த நாளிலிருந்து, வெளிநாட்டுக் கடிதம் என்றால் பக்கத்து வீட்டுச் சூசைநாதன் மாஸ்டர்தான் வாசிக்கிறார். அதுவும் வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல உரத்து. ஒழுங்கை முழுவதும் எங்கள் முற்றத்தில் வந்து குந்திவிடும். போன தடவை எனக்குச் சளி என்று ஒரு வரி எழுதியதற்கு மூன்று வீட்டுக்காரர் கைமருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல சனம்தான். ஆனாலும் அக்காவும் தங்கச்சியும் நாலு கதை கதைப்பதற்கு ஊர் எதற்கு?

சொல்ல வந்தது வேறு. என்னோடு ஹோட்டலில் படுக்கைத் துணி மடிக்கிற லுவெல்லா என்று ஒருவர் இருக்கிறார். அமெரிக்கக் கறுப்பினப் பெண். ஐம்பது தாண்டியிருக்கும். அமெரிக்கப் பட்டாளம் பிரான்சில் இருந்த காலத்தில் புருஷனோடு வந்தவர். பட்டாளமும் போய், புருஷனும் போய், இவர் மட்டும் மிஞ்சிவிட்டார். எனக்குப் பிரெஞ்சு வராது. அவருக்கும் இத்தனை வருஷத்தில் சரியாக வரவில்லை. மதர்மார் எனக்கு அடித்துப் பழக்கிய இங்கிலீஸ் இப்போதுதான் உதவுகிறது.

போன கிழமை மேலாளர் மாடிப்படியில் நின்று அறைக் கதவுகளின் திறப்புக் கோர்வையை எங்களிடம் எறிந்தார். என் நெற்றிக்கு நேரே வந்தது. லுவெல்லா தலையைத் திருப்பாமலே ஒற்றைக் கையால் அதைப் பிடித்தார். நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

"சர்க்கஸிலை இருந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லையடி ராணி, பேஸ்போல். சம்பளத்துக்கு விளையாடினனான். ஆம்பிளையளோடை" என்றார்.

பேஸ்போல் என்றால் எங்கள் எல்லே மாதிரித்தான், மலர். பந்தை அடித்துவிட்டு, தரிப்புக்குத் தரிப்பு ஓடுவது. அந்த அணியில் இவருக்கு முன்னால் ஒரு பெண் கால் வைத்ததில்லையாம். பள்ளிக்கூட எல்லே அணியில் நீ எறிகிற எறியைப் பற்றிச் சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டார். இன்னும் விசாரித்து எழுதுகிறேன்.

உன்மேல் உயிரான அக்கா,
அற்புதராணி


மன்னார்
11 மார்ச் 1986

அன்பான அக்கா,

இருமல் ஓடிவிட்டது. நீங்கள்தான் அந்தக் குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் திரிகிறீர்களோ என்று எனக்குக் கவலை. அத்தானிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை ஒளித்து வைக்கவில்லை. விடுதியில் எல்லாரும் சுற்றியிருந்து வாசித்தோம். லுவெல்லா எங்களைவிடக் கறுப்பா? எவ்வளவு உயரம்? காற்சட்டையா போட்டு விளையாடினார்? ஆண்கள் ஒன்றும் சொல்லவில்லையா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு விலாசத்துக்கு எழுதச் சொல்லி மாஸ்டரைக்கொண்டு வாசிப்பிப்பேன்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, ஊர் விளையாட்டுக் கழகத்துக் கப்டன் பேனாட் அண்ணையிடம் நேரே போய், மாதா திருநாள் எல்லே போட்டிக்கு என்னையும் அணியில் எடுங்கள் என்று கேட்டேன். அணியே சிரித்தது. ஒருவர், "தங்கச்சி, தேத்தண்ணி ஊத்த ஆள் வேணும்தான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அங்கே கிடந்த பந்தை எடுத்து, எல்லைக்கோட்டிலிருந்து நடு மைதானத்துக் கம்பத்துக்கு எறிந்தேன். கம்பம் ஆடியது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பேனாட் அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "ஈஸ்டர் லீவுக்கு வா, பாப்பம்" என்றார்.

அமெரிக்காவில் ஒருவர் செய்தாரென்றால் எங்கள் சங்குக்குடாவில் ஒருத்தி செய்யக்கூடாதா?

உங்கள் குறும்புத் தங்கை,
மலர்


லா ஷப்பல், பாரிஸ்
6 ஏப்ரல் 1986

அன்புக் குட்டி மலருக்கு,

எங்கள் இரண்டு பேருக்கும் சுகம். நீயும் அம்மாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இங்கே சாப்பாடு இறங்குகிறது.

லுவெல்லாவிடம் உன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். கம்பம் ஆடிய இடத்தில் கையைத் தட்டிச் சிரித்தார். உன் கேள்விகளுக்குப் பதில்: என்னைவிடக் கொஞ்சம் வெளிறல்தான், ஆனால் மெத்ரோ ரயிலில் எங்கள் இருவருக்கும் பக்கத்தில் ஒரே மாதிரித்தான் ஆட்கள் உட்காராமல் நிற்கிறார்கள். உயரம் அத்தானுக்கு மேலே. காற்சட்டைதான்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பருக்குத் தனிப் போட்டிகள் நடந்தனவாம். பிறகு வெள்ளைக்காரக் கழகங்கள் கெட்டிக்காரக் கறுப்பரைப் பொறுக்கி எடுக்கத் தொடங்க, இவர்களுடைய மைதானங்களில் சனம் குறைந்துவிட்டது. சனம் உட்காருகிற கதிரைகளை நிரப்பத்தான் முதலாளி ஒரு பெண்ணைச் சேர்த்தாராம். "வேடிக்கை காட்டத்தான் என்னை எடுத்தவை எண்டு தெரியும். எடுத்த பிறகு நான் வேடிக்கை காட்டேல்லை, விளையாடினன்" என்கிறார். சொந்த அணிக்காரரே வேண்டுமென்று உயரமாக எறிவார்களாம். இவர் பாய்ந்து பிடிக்கிற நேரத்தில், ஓடிவருகிறவன் ஆணிச் சப்பாத்தோடு காலில் ஏறட்டும் என்று. முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பைக் காட்டினார். 

எல்லேயில் ஓடுகிற ஆளின்மேல் பந்தை எறிந்து பட்டால்தான் அவுட் என்று சொன்னேன். பேஸ்போலில் அப்படி இல்லையாம். "ஆளுக்கே எறியிறதோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி துணியை மடித்தார்.

"அந்தப் பிள்ளையின்ரை தலையிலை ஏன் இதுகளை ஏத்திறாய்?" என்று அத்தான் கேட்கிறார். நான் சிரித்துவிட்டேன். உன் தலையில் நான் ஏற்றித்தானா ஏறவேண்டும்?

அன்போடு,
அக்கா


மன்னார்
12 மே 1986

அன்பான அக்காவுக்கு,

உங்களுக்கும் அத்தானுக்கும் லுவெல்லா அன்ரிக்கும் என் வணக்கம். இப்போது நான் சாதாரண ஆள் இல்லை. கழகத்து உடுப்புப் போட்டவள்!

லீவில் முதல் போட்டி நடந்தது. பக்கத்து ஊர்க்காரர் என்னைக் கண்டதும், "உங்கடை ஊரிலை ஆம்பிளையள் முடிஞ்சுதோ?" என்று கத்தினார்கள். தில்லைநாயகி மாமி, குமர்ப்பிள்ளை இப்படி ஓடித் திரியலாமா என்று தலையில் அடித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. ஆனால் என் எறியில் மூன்று பேர் அவுட். அதற்குப் பிறகு நான் பந்தை எடுத்தாலே ஓடுகிறவர்கள் தரிப்பில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, சனம் கத்துகிற சத்தத்தை வைத்தே, "இது என்ரை பிள்ளை எறிஞ்சது" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னாவாம்.

இன்னொரு புதினம். இயக்கப் பெடியன்கள் இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் முழுப் போட்டியும் பார்த்தார்கள். கை தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முடிந்த பிறகு கடற்கரைப் பக்கம் வந்து மரியாதையாகக் கதைத்தார்கள். ஒருவர் கரையில் ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் பாரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதை எறிஞ்சா எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டார். பந்தைவிடக் கல் தூரம் போகும், கையில் பாரம் இருக்குமே என்று சொல்லி எறிந்து காட்டினேன்.  மற்றவர் அது விழுந்த இடம்வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஊரில் என் எறியை இவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான், அக்கா. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்பு மறவாத,
மலர்


சங்குக்குடா
2 ஜூன் 1986

அன்பான அக்கா,

நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் றேடியோவில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடித்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலும் விழுந்தது. விடுதியைப் பூட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று மதருக்கே தெரியாது. எனவே இனி வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். மாஸ்டர் வாசிப்பார் என்பதை மனதில் வைத்துச் சும்மா கதை எழுதினால் போதும்.

திருநாள் போட்டிக்குத் தினமும் பயிற்சி. அந்தக் கல்லுப் பெடியன்கள் மறுபடி வந்து கழகத்துக்குப் புதுப் பந்து தந்துவிட்டுப் போனார்கள். பேனாட் அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கி வைத்தார்.

மலர்


லா ஷப்பல், பாரிஸ்
5 ஜூன் 1986

என் தங்கமே மலர்,

சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. மே மாதம் நீ எழுதியது நேற்றுத்தான் வந்தது. இந்தக் கடிதம் உன் விடுதிக்கு வருவதால் மனம் திறந்து எழுதுகிறேன். வாசித்த உடனே கிழித்து அடுப்பில் போடு.

அவர்கள் எல்லே பார்க்க வரவில்லை. உனக்கு அது விளங்கவில்லையா, அல்லது விளங்காத மாதிரி எனக்கு எழுதுகிறாயா? கல்லை ஏன் தந்தார்கள்? விழுந்த இடத்தை ஏன் போய்ப் பார்த்தார்கள்? 

விஷயத்தைச் சொல்லாமல் லுவெல்லாவிடம் கேட்டேன், நீங்கள் விளையாடியபோது யாராவது வந்து வேலியோரம் நின்று பார்ப்பார்களா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கழகங்களுக்கு ஆள் பார்க்கிற ஒரு தொப்பிக்காரன் வருவான். என்னைப் பார்க்கிறான் எண்டு எனக்குச் சந்தோசமும் புளுகமும். அவன் பார்த்தது என்ரை கையை. சீசன் முடியிறமட்டும் என்ரை பேர் அவனுக்குத் தெரியாது. கை நோகத் தொடங்கின உடனை வாறதை விட்டிட்டான். ஆரும் வந்து உன்ரை தங்கச்சி எறியிறதைப் பார்த்தா, அந்தக் கையை வைச்சு என்ன செய்யப்போறியள் எண்டு முதல்லை கேக்கச் சொல்லு."

"கை நல்லாய் இருக்கேக்கை அவனை வராமல் பண்ண ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலும். தூரம் போகாமல் கொஞ்சம் கட்டையாய் எறிஞ்சாக் காணும். அடுத்த நாளே வீட்டை அனுப்பியிருப்பினம். நான் ஒரு நாளும் எறியேல்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். 

ஆகவே சொல்கிறேன். திருநாள் போட்டியில் கொஞ்சம் கட்டையாய் எறி. ஒன்றிரண்டு பந்தைக் கை தவறவிடு. தோள்மூட்டு நோகிறது என்று சொல். முதல் நாள் ஏதோ குருட்டு வாக்கில் விழுந்தது, இவள் சாதாரணப் பெட்டைதான் என்று அவர்கள் நினைக்கட்டும். திருநாள் முடிந்த கையோடு வள்ளத்தில் ஏறி ராமேஸ்வரம் போ. அங்கே அத்தானின் தம்பி மரியரட்ணம் இருக்கிறான். உன்னை இங்கே எடுக்கிற அலுவலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாஸ்டரிடம்கூட மூச்சுவிடாதே. அவருடைய முற்றத்துச் சபையில் யார் யாருடைய ஆள் என்று இப்போது யாருக்குத் தெரியும்?

நான் லுவெல்லாவின் கதையை உனக்கு எழுதியிருக்கக்கூடாது.

அக்கா


லா ஷப்பல், பாரிஸ்
14 ஜூலை 1986

அன்பு மலருக்கு,

அம்மாவும் நீயும் ஒரு வீட்டுக்குள்ளே பத்திரமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊருக்குத் திரும்புகிற செபஸ்தியாம்பிள்ளை அண்ணையின் கையில் இதைக் கொடுக்கிறேன். தபாலை நான் இனி நம்பவில்லை.

விடுதி பூட்டியது என்று நீ எழுதியது போன கிழமைதான் கிடைத்தது. என்னுடைய ஜூன் கடிதம் விடுதிக்குத்தான் போனது. பூட்டின கட்டடத்தில் எங்காவது கிடந்து கறையான் அரிக்கட்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

நேற்று மத்தியானம், எங்கள் சனத்தின் கடைகள் உள்ள ரூ பெர்தொனேயில் கருவாடு வாங்க நின்றேன். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு பெடியன் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றான். ஆளை முன்பின் கண்டதில்லை.

"அக்கா சங்குக்குடாதானே?"

"ஓம்."

"தங்கச்சி நல்லாய் எறிவாவாம்."

 அவன் என் கையிலிருந்து விழுந்த கருவாட்டுப் பையை எடுத்துத் தந்தான்.

"கட்டையாய் எறியச் சொல்லி எழுதினனீங்களாம். பாவம், பிள்ளைக்கு அது கஷ்டமெல்லே?"

அவ்வளவுதான். ஒரு வெருட்டல் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கடைக்காரர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து நின்றேன். நான் உனக்கு எழுதியது உன்னிடமிருந்து பதிலாக வரவில்லை. ரூ பெர்தொனேயில் ஒரு அந்நியன் வாயிலிருந்து வருகிறது.

என்ன நடந்தது? யார் வாசித்தார்கள்? போட்டியை விடு. தோள்மூட்டும் வேண்டாம், ஒரு நடிப்பும் வேண்டாம். கிடைக்கிற முதல் வள்ளத்தில் ஏறு.

அக்கா


சங்குக்குடா
17 ஓகஸ்ட் 1986

அன்பான அக்கா,

அம்மாவுக்குச் சுகம், எனக்கும் ஒரு குறை இல்லை. செபஸ்தியாம்பிள்ளை அண்ணை வழியில் மறிபட்டுத் திருநாளுக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தார். இதையும் அவர்தான் கொழும்புக்கு எடுத்துப்போகிறார்.

விடுதி மதர் நல்ல மனத்தோடு உங்கள் கடிதத்தை ஒரு பாதரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தா. நான் கிணற்றடியில் நின்றேன். அம்மாவுக்குப் பிரான்ஸ் கடிதம் என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை, மாஸ்டரைக் கூப்பிட்டுவிட்டா. அது எனக்கு வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக் கடிதம் எப்போது ஒரு ஆளுக்கு மட்டும் வந்திருக்கிறது? நான் வாளியோடு வந்தபோது மாஸ்டர் "கொஞ்சம் கட்டையாய் எறி" என்ற இடத்துக்கு வந்திருந்தார். குரல் இறங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. எழுதியிருப்பதை விட்டு வாசித்தால் அது பொய் என்று நினைக்கிற மனிதர். தன்னைப் பற்றி நீங்கள் எழுதியதையும் அப்படியே வாசித்தார். வள்ளம், ராமேஸ்வரம், மரியரட்ணம் எல்லாம் முற்றத்தில் கேட்டது. வேலிக்கு வெளியே ஒரு சைக்கிள் நின்றது. அம்மா மட்டும், "என்னத்துக்கு இவள் பயப்பிடுறாள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தா.

திருநாளுக்கு முழு ஊரும் போட்டி பார்க்க வரவில்லை, என் கையைப் பார்க்க வந்தது. பந்து என்னிடம் வரும்போதெல்லாம் மைதானம் வாயைப் பொத்திக்கொண்டது. கட்டையாய் எறிந்தால் அக்கா சொல்லிக் கொடுத்தபடி என்பார்கள். நீட்டி எறிந்தால் அவர்கள் கேட்டதைக் கொடுத்தவள் ஆவேன். எனக்கென்று ஒரு எறியை யாரும் மிச்சம் வைக்கவில்லை. கடைசி ஆள் கடைசித் தரிப்பைப் பார்த்து ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தால் நாங்கள் தோற்றோம். நான் எல்லைக்கோட்டில் நின்றேன். வேலியோரம் அவர்கள் நின்றதும் தெரிந்தது. கை தானாகப் போனது என்று பொய் சொல்லமாட்டேன், அக்கா. தெரிந்துதான் எறிந்தேன். அவன் நடு முதுகில் பட்டது. பேனாட் அண்ணை அழுதார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் பயம் என்பதே இல்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். கோப்பையை அவர்களே கழுவி வைத்தார்கள்.

வியாழக்கிழமைக்கு வள்ளம் ஒழுங்கு செய்திருக்கிறது. என்னிடமிருந்து கடிதம் பிந்தினால் கடலில் இருக்கிறேன் என்று நினையுங்கள்.

மலர்


லா ஷப்பல், பாரிஸ்
21 செப்ரெம்பர் 1986

ராமேஸ்வரம் மரியரட்ணம் மேற்பார்த்து, அற்புதமலருக்கு.

அன்புத் தங்கச்சி,

நீ கரை சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒருவரும் வரவில்லை என்று மரியரட்ணம் தந்தி அடித்திருக்கிறான். அவனுக்குக் கண் தெரியாது, நீ அகதி முகாமில் எங்கோ இருக்கிறாய் என்று அத்தானோடு சண்டை பிடித்தேன்.

இங்கே கடைகளில் குண்டு வெடித்து, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பொலிஸ் நிற்கிறது. தோல் கறுத்த ஆளென்றால் அடையாளக் கார்த் காட்டாமல் படி இறங்க முடியாது. லுவெல்லாவையும் என்னையும் ஒன்றாக நிறுத்தினார்கள். சுவரைப் பார்த்து நிற்கும்போது அவர் மெல்லக் கேட்டார், "உன்ரை தங்கச்சி வெண்டவளோ?" என்று. வென்றாள் என்று சொன்னேன்.

ஒரு வரி எழுது. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும்.

அக்கா


சங்குக்குடா
3 நொவெம்பர் 1986

அன்புள்ள பிள்ளை அற்புதராணிக்கு,

ஆண்டவர் உமக்கும் உமது கணவருக்கும் திடன் தரவேண்டுமென மன்றாடி சூசைநாதன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தை நான் எழுதுவது உமது தாயாருக்குத் தெரியாது.

ஓகஸ்ட் இருபதாம் திகதி பின்னேரம் அவர்கள் மறுபடி வந்தார்கள். கோயில் விறாந்தையில் வைத்து மலரோடு நெடுநேரம் கதைத்தார்கள். கட்டி இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை. அவள் வள்ளம் ஏறினால் வள்ளக்காரன்தான் பதில் சொல்லவேண்டிவரும் என்று சொன்னார்களாம். அவனுக்கு நாலு பிள்ளைகள். அடுத்த நாள் மலர் உடுப்புப் பையோடு தாயாரிடம், "வள்ளத்துக்குப் போறன், அம்மா" என்று முத்தம் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். என் வீட்டு வாசல் படலையில் நின்று, "மாஸ்டர், நான் போறது வேறை இடம். அம்மாட்டை வள்ளத்திலை போனதெண்டே சொல்லுங்கோ" என்றாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

போன மாதத்துச் சண்டையில் மலர் இல்லாமல் போய்விட்டாள். பிள்ளை, இதை எழுத எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்னுக்கு நின்று குண்டு எறிந்தவளாம். உடல் தரப்படவில்லை. வேறு ஒரு பெயர் போட்டு, அவளுடைய படத்தோடு சந்தியிலும் கோயில் மதிலிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஊர் முழுவதுக்கும் தெரியும். உமது தாயாருக்குக் கண் தெரியாமற்போனதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்படியும் ஒரு நாள் வந்தது. பேனாட் கழகத்தைப் பூட்டிவிட்டான். உமது தாயாரிடம் மட்டும் எவரும் இதைச் சொல்லவில்லை.

அவரோ தபால்காரனின் மணி கேட்டால் வாசலுக்கு ஓடி வருகிறார். மகள் கடலில் போய்விட்டாளோ என்று சோறு தொடுவதில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. இந்த மாரியைத் தாண்டுவாரோ என்று டாக்குத்தர் கையை விரிக்கிறார்.

நான் வாழ்நாளில் எழுதியிருந்ததையே வாசித்தவன். உமது கடிதத்தையும் அப்படியே வாசித்தேன். அதன் பலனை இந்த ஊர் பார்த்துவிட்டது. இப்போது உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மலர் உம்மிடம் வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு கடிதம் எழுதும். நான் வாசிக்கிறேன். முற்றத்தில் இருக்கிற ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

உமது துயரத்தில் பங்குகொள்ளும்,
சூசைநாதன்


லா ஷப்பல், பாரிஸ்
7 டிசெம்பர் 1986

என் அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி, பிறகுதான் சுகம் விசாரிப்பேன். மலர் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டாள்!

இத்தனை நாள் உங்களைத் தவிக்கவிட்டதற்கு இரண்டு பேரையும் பேசுங்கள். ராமேஸ்வரத்தில் காய்ச்சலில் கிடந்தவள், பிறகு கடிதம் எழுதுவதைவிட நேரே போய் நிற்கலாம் என்று இருந்துவிட்டாள். அவளுடைய குணம் உங்களுக்குத் தெரியும்தானே. கொஞ்சம் மெலிந்துவிட்டாள். என் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறாள், கை விரல் நுனிகூட வெளியே தெரியாது. குளிருக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருக்கிறாள். அத்தான் அவளுக்கென்று மீன் குழம்பு வைக்கிறார். புளி காணாது என்று அதிலும் ஒரு குறை பிடிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை லுவெல்லா அவளை வென்சென் காட்டு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பிரெஞ்சுக்கார ஆண்கள் பேஸ்போல் விளையாடுகிறார்கள். முதலில் ஒருவரும் அவளோடு பேசவில்லையாம். மைதானத்து மர வாங்கிலில் அவள் இருந்த பக்கம் யாரும் உட்காரவில்லை. பந்தை வீசினால் வேண்டுமென்று நிலத்தில் படுகிற மாதிரி வீசினார்களாம். அவள் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாள். பிறகு மைதானத்தின் அந்தக் கடைசி மூலையிலிருந்து ஒரு எறி எறிந்தாளாம், அம்மா. பிடிக்க நின்றவன் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை ஊதினானாம். வாங்கிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த சாமான்களைக் கப்டன் தானே எடுத்து ஒதுக்கிவைத்து உட்கார்ந்தாராம். இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கப்போகிறது? லுவெல்லா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவருக்குச் சொல்லும்போது கண் கலங்குகிறது. வயதாகிவிட்டது, அம்மா.

அந்த அணியில் முதல் பெண் உங்கள் மகள்தான். யாருக்காகவும் கட்டையாய் எறியவில்லை. அவள் எறிந்தது எங்கே போய் விழுந்தது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். வேறு எதற்கும் வரவில்லை.

கை நோகிறது என்று இந்தக் கடிதத்தை என்னைக்கொண்டு எழுதுவிக்கிறாள். இனியும் நான்தான் எழுதுவேன். நீங்கள் நேரத்துக்குச் சோறு சாப்பிட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். பேனாட் அண்ணை கழகத்தைத் திறக்க வேண்டுமாம். முற்றத்தில் இருக்கிற எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தாள்.

மாஸ்டர் ஐயா, அம்மா மூலையில் இருந்தால் காதில் விழாது. கொஞ்சம் உரத்து வாசியுங்கள்.

உங்கள் அன்பு மகள்மார்,
அற்புதராணி
அற்புதமலர்